சாலையில் லேசு, கடலில் கனம்

படகு வாங்க வருகிறவர்கள் விற்பனைக் கூடத்தில் முதலில் செய்யும் காரியம், விரல் முட்டியை மடக்கிப் படகின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவது. தேங்காய்க் கடையில் கற்ற பழக்கம். அடுத்து வரும் கேள்வி, "தகடு எத்தனை மில்லி?" நான்கு என்றால் முகம் சுருங்கும். ஐந்து என்றால் தலை ஆடும். ஆறு என்றால் கோயிலுக்குள் நுழைந்த பாவனை வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் அலுமினியப் படகை எடை போடும் முறை பெரும்பாலும் இந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. விற்பவர்களும் வாங்குகிறவர்களின் நாடி பிடித்து, விளம்பரத் தாளில் தடிமனைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

போன ஆண்டு நண்பர் ஒருவர் படகு வாங்கக் கிளம்பினார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மெல்பர்னில் குடியேறிப் பல வருடமாகிறது. "அண்ணே, மூணு பேரு போகணும். வெளிக்கடலுக்குப் போகணும். நம்ம வண்டி இழுக்கணும். என்ன போட் வாங்கலாம்?" என்று கேட்டார். தேவையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வாரக் கடைசிகளில் ஹேஸ்டிங்ஸிலிருந்து வெஸ்டர்ன் போர்ட் குடாவுக்குள்; இலையுதிர் காலத்தில் போர்ட்லாந்துக்குப் போய் நீலத்துடுப்புச் சூரை; பள்ளி விடுமுறையில் நியூ சவுத் வேல்ஸின் நரூமா வரை ஓட்டி, அங்கிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மொண்டேக் தீவைச் சுற்றிக் கிங்ஃபிஷ். இதுதான் அவர் திட்டம். பொதுவாக "நல்ல படகு எது" என்று கேட்டால் பதில் கிடையாது. இந்த மூன்று பாடுகளுக்கும், இந்த மூன்று பேருக்கும் எது என்று கேட்டால் தீர்ப்புச் சொல்லலாம்.

கடலிலிருந்து தொடங்குகிறேன். விக்டோரியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே கிடக்கும் பாஸ் நீரிணையின் சராசரி ஆழம் 60 மீட்டர் அளவுதான். ஆழமில்லாத நீரில் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதினால் அலை நீளமாக எழாது. குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக வரும். பெரிய அலையைவிட இந்தச் சிற்றலைதான் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். விடியற்காலையில் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும் கடலில் கிளம்பிப் போகிறோம். மதியம் கடற்காற்று எழுகிறது. திரும்பி வரும்போதுதான் படகின் குணம் தெரிகிறது. வானிலை ஆய்வகம் தன் கடல் அறிக்கையில் மறக்காமல் ஒரு வரி சேர்க்கும்: காற்றின் வீச்சு, சொன்ன சராசரியைவிட 40 விழுக்காடு கூடலாம், அலை இரண்டு மடங்கு உயரலாம். ஆகவே படகை அளக்க வேண்டிய நேரம் காலை 6 மணி கிடையாது, பிற்பகல் 2 மணி. நரூமா மாதிரி இடங்களில் இன்னொன்றும் உண்டு. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் மணல்மேடு. அதன்மேல் அலை உடையும். உள்ளே வரும் படகு அலையின் முதுகில் ஏறி, அணியம் முன்னலையில் குத்திவிடாமல் வர வேண்டும். அங்கே மின்னல் வேகம் உதவாது. சொன்ன பேச்சைக் கேட்கும் படகு வேண்டும்.

அடுத்தது சாலை. ட்ரெய்லர் படகு, வருடத்தில் பெரும்பாலான நேரம் சக்கரத்தின்மேல்தான் நிற்கிறது, ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் சிறப்பு அனுமதி இல்லாமல் இழுக்கக்கூடிய அகலம் 2.5 மீட்டர். 5 மீட்டர் படகுக்கும் 7 மீட்டர் படகுக்கும் அதே உச்சவரம்பு. நீளம் வளரலாம், அகலம் வளராது. கடலில் படகு புரளாமல் நிற்பதற்கு அகலம்தான் முதல் துணை. அதைச் சாலை விதி கட்டிப்போட்டிருக்கிறது. இந்த வகைப் படகுகளின் எல்லாத் தந்திரங்களும், எல்லாக் குறைகளும் இந்த 2.5 மீட்டர் கட்டுக்குள் நடக்கும் சண்டையே.

அகலத்துக்குப் பிறகு எடை. இங்கேதான் விளம்பரத் தாள் நம்மை ஏமாற்றுகிறது. பொய் சொல்லாமலேயே ஏமாற்றுகிறது. 6.2 மீட்டர் தகட்டுப் படகின் வெற்றுடல் 1,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 150 குதிரைத்திறன் எஞ்சின் 225. ட்ரெய்லர் 600. கூட்டினால் 1,875. குடும்ப எஸ்யூவிகள் பலவற்றின் இழுவை வரம்பான 2,000 கிலோவுக்குள் அடங்கிவிட்டது என்று வாங்குகிறவர் பெருமூச்சு விடுகிறார். பெட்ரோல் 180 லிட்டர் ஊற்றுங்கள்: 133 கிலோ. பேட்டரி இரண்டு 45, நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 30, உயிர்காப்புச் சாமான்கள் 25, ஐஸ் பெட்டியும் இரையும் 60, தூண்டில் கழிகளும் கருவிகளும் 25. ஆக 2,193. இதில் வண்டியின் கொக்கிப் பந்தில் 150 கிலோ இறங்கினாலும், ட்ரெய்லர் சக்கரங்கள் தாங்குவது 2,040-ஐத் தாண்டுகிறது. அந்த இலக்கம் முக்கியம். சக்கரங்களின்மேல் 2,000 கிலோவுக்கு மேல் ஏறும் ட்ரெய்லருக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். அதை வண்டிக்குள்ளிருந்து இயக்க முடிய வேண்டும். கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதற்குக் கீழே என்றால், முட்டும் விசையில் தானாக இயங்கும் எளிய பிரேக் போதும். உப்புத் தண்ணீரில் வாராவாரம் முங்கி எழும் ட்ரெய்லரில் மின்கம்பிகளும் பம்பும் கூடுதலாக வருவது சின்ன விஷயமில்லை.

என் நண்பரிடம் இருந்தது 3,500 கிலோ இழுக்கும் இரட்டைக் கேபின் யூட். அவருக்கு இந்தக் கவலை பாதியாகக் குறைந்தது. பாதிதான். வண்டி, ட்ரெய்லர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்த மொத்த எடைக்கும் தனி வரம்பு உண்டு. இழுக்கும் வரம்பை மட்டும் பார்ப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

இனி உலோகம். நல்ல தகட்டுப் படகுகளில் பயன்படுவது பெரும்பாலும் 5083 என்ற கலவை: அலுமினியத்தில் நூற்றுக்கு நான்கரை அளவில் மக்னீசியம், கொஞ்சம் மாங்கனீசு. இதன் உரம் சூட்டுப் பதத்தால் வருவதில்லை; உருட்டி நசுக்குவதால் வருவது. பற்றவைக்கும்போது தையலோரத்தில் அந்த உரம் கரைந்துவிடும். கடலுக்கென்று தயாரிக்கும் பதத்தில் 215 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும் தகடு, வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் 125 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது படகின் பலம் தகட்டின் நடுவில் இல்லை. தையல் எங்கே விழுந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. இன்னொன்று, எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை ஆட்டினாலும் அது களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வோர் அடியும் கணக்கில் ஏறும். பத்து வருடம் பழகிய அலுமினியப் படகில் விரிசல் கண்டால் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. எங்கே கண்டது, அதை எட்டிப் பார்க்க வழி இருக்கிறதா என்பதே கேட்க வேண்டியது.

இப்போது மில்லிக் கணக்குக்கு வரலாம். தடிமனை 4-லிருந்து 5 மில்லிமீட்டர் ஆக்கினால் தகட்டின் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும். நல்ல லாபம். அதே 4 மில்லித் தகட்டின் அடியில், தாங்கும் சட்டங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தகடு உள்வாங்குவது பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த இரண்டாவது லாபம் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. தளத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சரியாகச் சட்டமடித்த 4 மில்லி, அசட்டையாகச் சட்டமடித்த 6 மில்லியைவிட உறுதி. அதே சமயம், தடித்த தகட்டைப் பார்த்து "ஐயோ, எடை" என்று அலறுகிறவர்களும் கணக்குப் போடாதவர்களே. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறுவது 2.7 கிலோ. அடிப்பரப்பு 10 சதுர மீட்டர் என்றால் 27 கிலோ. ஐஸ் பெட்டியில் பாதி. தடிமன் பற்றிய வாதத்தில் இரண்டு கட்சியும் தேவைக்கு மேல் சத்தம் போட்டிருக்கிறது.

வடிவம் அப்படி இல்லை. ஒரு தாளைச் சுருட்டிக் கடலைப் பொட்டலம் போடலாம். அதே தாளைக் குடத்தின் அடிபோலக் குழிக்க முடியாது. சுருக்கம் விழும், கிழியும். தகடும் அப்படித்தான், ஒரு பக்கமாக மட்டும் வளையும். கண்ணாடியிழையை அச்சில் வார்ப்பதால் இரண்டு பக்கமும் ஒருசேர வளைத்து எந்த உருவமும் எடுக்கலாம். அணியத்தில் தண்ணீரை மென்மையாகப் பிளந்து, பக்கவாட்டில் அழகாகத் தள்ளிவிடும் வளைவுகள் ஃபைபர் படகில் சுலபம். தட்டையான தகட்டில் அவற்றைப் பின்பற்ற முயல்வதே பாதி வெற்றிதான். மெல்லிய தகட்டை இழுத்து அச்சில் அழுத்திச் செய்யும் முறை ஒன்றும் உண்டு. கோல்ட் கோஸ்ட் பக்கத்துக் குவின்ட்ரெக்ஸ் படகுகள் அந்த வழியில் பெயர் வாங்கியவை. டின்னி என்று செல்லமாகச் சொல்லப்படும் அந்தச் சாதி, குடாவுக்கும் கழிமுகத்துக்கும் அருமையானது. விலை குறைவு, சின்னக் கார் இழுக்கும், மணலில் ஏற்றிவிடலாம். போர்ட்லாந்துக்கு வெளியே மதியம் 2 மணிக்கு அதில் இருக்க நான் விரும்பமாட்டேன். அந்தக் கட்சிக்கு இவ்வளவு போதும்.

படகு அலையில் விழுந்து அடிப்பதைத் தீர்மானிப்பவை மூன்று: அடியின் வி வடிவம் எவ்வளவு செங்குத்து, படகு எவ்வளவு கனம், எவ்வளவு வேகம். அமெரிக்கர் ரே ஹன்ட் 24 பாகைச் செங்குத்தோடு வரைந்த ஓர் அடி, 1960 மயாமி-நாசோ பந்தயத்தில் கொந்தளிக்கும் கடலில் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளி வென்றது. வெளிக்கடல் விசைப்படகு என்றாலே ஆழமான வி என்ற எண்ணம் பரவியது அதன் பிறகுதான். ஆனால் அந்த வி இலவசமாக வருவதில்லை. கூர்மையான அடி, நின்ற நிலையில் பம்பரம்போல ஆடும். தூண்டில் போடுகிறவன் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். மூன்று பேரும் ஒரே பக்கம் வந்து மீனைத் தூக்கும்போது படகு சாய்ந்தால், அடி எத்தனை மென்மை என்பதை யாரும் பாராட்டிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

ஃபைபர் படகு இந்த முரணைத் தன் கனத்தால் சமாளிக்கிறது. கனமான உடல் அலையில் விழும்போது குறைவாக உதறும். நிற்கும்போது ஆழமாக உட்காரும். என் நண்பருக்கு முதலில் மனம் போனதும் ஃபைபர் பக்கம்தான். ஊர்ப்பழக்கம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்ததைப் பார்த்தவர். (இரட்டை உடல் படகுகளை இங்கே 'கேட்' என்கிறார்கள், கட்டமரன் என்பதன் சுருக்கம். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடலே கிடையாது என்று எத்தனை பேரிடம் சொல்லியும் பலனில்லை.) ஊர் ஃபைபர் படகு மணலில் இழுபடுகிறது, ட்ரெய்லரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவதில்லை. இங்கே அதே நீளத்தில், வெளிக்கடலுக்குத் தகுந்த உரத்தில் வார்த்த ஃபைபர் படகு, தகட்டுப் படகைவிடச் சில நூறு கிலோ கனமாக வந்துவிடும். பழைய ஃபைபரில் இன்னொரு நோய்: பின்சுவருக்குள்ளும் அடிச்சட்டத்துக்குள்ளும் ஒட்டுப்பலகை. திருகு ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பு மாறாமல் உள்ளே மரம் உளுத்துப்போகும். அலுமினியம் தன் நோயை முகத்தில் காட்டும், ஃபைபர் மறைக்கும்.

அலுமினியத்தின் குணமும் குற்றமும் ஒன்றேதான்: லேசு. லேசாக இருப்பதால் சிறிய எஞ்சின் போதும், எண்ணெய் மிச்சம், வண்டி இழுக்கும், தனியொருவன் ட்ரெய்லரில் ஏற்றலாம். அதே லேசால்தான் அலையில் உதறுகிறது, காற்று வந்தால் சருகுபோல் ஒதுங்குகிறது. நீரோட்டத்தோடு மிதந்து அடிமீன் பிடிக்கிறவர்களுக்கு இந்த ஒதுங்கல் பெரிய தொல்லை. பக்கச் சுவரை உயர்த்தி, மேலே கண்ணாடி அறை கட்டினால் காற்று பிடிக்க இன்னும் வசதி. சரி, சாலையில் லேசாகவும் கடலில் கனமாகவும் ஒரே படகை வைத்திருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான் என்பது என் கணிப்பு: நீர் நிரம்பும் அடிவயிறு. நியூசிலாந்தின் வாக்கடானே ஊரில் கட்டப்படும் சர்டீஸ் படகுகளும், மெல்பர்னின் பார் க்ரஷரும் இதனால் பெயர் பெற்றவை. ஏரா என்று நம் படகுத் தச்சர்கள் சொல்லும் நடுமுதுகை ஒட்டி, அடியில் ஒரு நீளமான அறை, பின்பக்கம் திறந்திருக்கும். படகு நின்றால் கடல் நீர் சில நூறு லிட்டர் தானாக உள்ளே புகும். விசையை முறுக்கினால் சில நொடிகளில் பின்வழியே கொட்டிவிடும். ட்ரெய்லரில் ஏறும்போது ஒரு சொட்டுக் கூடுதல் எடை இல்லை.

இதை விற்கிறவர்கள் "முந்நூறு கிலோ பாரம் ஏறுகிறது" என்கிறார்கள். பாதி சரி. நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை கிடையாது. கிணற்றில் முங்கிய குடத்தை நீர்மட்டம் வரை இழுக்கும்போது கை உணராத பாரம் அது. உண்மையில் நடப்பது, அந்த அறையின் மிதப்பு இல்லாமல் போவது. அதனால் படகு சற்றே அமிழ்கிறது. அடியும் பக்கமும் சேரும் இரு விளிம்புகளும் தண்ணீரைத் தொடுகின்றன. கூர்மையான அடி கொண்ட படகு, நின்ற இடத்தில் அகலமான அடி கொண்டதைப்போல நடந்துகொள்கிறது. 2.5 மீட்டர் விதி பறித்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. உள்ளே சிக்கிய நீர் படகோடு சேர்ந்து ஆட வேண்டியிருப்பதால் ஆட்டமும் மந்தமாகிறது. ஓடும்போது எதிரலையில் அடி குறையுமா? நீர் கொட்டிவிட்டால் குறையாது. படகு பழையபடி லேசு. பின்வாயை மூடி நீரைப் பிடித்துவைக்கும் கதவு உள்ள படகுகளில் மட்டுமே ஓட்டத்திலும் அந்தக் கனம் கிடைக்கும். நீரைச் சுமந்து, அணியத்தைத் தாழ்த்தி, மெதுவாக வீடு திரும்பலாம். கதவு இல்லாதது பாதி மருந்து என்றே கணக்கில் வைத்தேன். இதில் ஒரு குறையும் உண்டு. மேலே நிறையக் கண்ணாடியும் கூரையும் அடுக்கிய படகில் இந்த ஏற்பாடு பிழையை மூடும் துணியாகிவிடுகிறது. நீர் இல்லாமலே ஓரளவு நிற்கும் படகில்தான் இதற்கு மரியாதை.

எதிர்த்தரப்பும் வலுவானது. நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கிலில், 1987-இல் தொடங்கிய ஸ்டாபிகிராஃப்ட் வேறு வழி பிடித்தது. இருபக்கமும் மூடிய அலுமினியக் குழல்கள், உள்ளே அறை அறையாகத் தடுப்பு. காற்றடித்த ரப்பர் படகின் தத்துவத்தை உலோகத்தில் செய்தது. சாயச் சாய, குழல் தண்ணீரில் பதிந்து எதிர்த்துத் தள்ளும். படகு நிரம்பினாலும் மிதக்கும். பாதுகாப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தால் நான் அங்கேதான் போவேன். ஆனால் குழல்கள் 2.5 மீட்டரிலிருந்து உட்பக்கத்தைத் தின்கின்றன. மூன்று பேர் நின்று சுழலும் தளத்தில் ஒவ்வொரு சாணும் கணக்கு. நண்பர் இரண்டு படகிலும் ஏறி, கையில் கற்பனைத் தூண்டிலோடு சுற்றிப் பார்த்தார். குழல் படகில் அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. அதுவும் ஒரு சான்று.

மிதப்பு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அழகு பார்க்கும் அவசரத்தில் இதை யாரும் படிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் விற்கும் படகில் கட்டியவரின் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் என்பதோடு, 6 மீட்டருக்குக் குறைந்த படகு என்றால் மிதப்பின் வகையும் அதில் இருக்கும். அடிப்படை மிதப்பு என்றிருந்தால், நீர் நிரம்பிய படகு மூழ்காது, அவ்வளவே. கவிழ்ந்தோ செங்குத்தாகவோ மிதக்கலாம். சம மிதப்பு என்றிருந்தால், நிரம்பிய பிறகும் படுக்கைவாட்டில் மிதக்கும். ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். பாஸ் நீரிணையின் குளிரில் இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது உயிர். கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு அப்பால் போகும் விக்டோரியப் படகில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் இபர்ப் கருவி கட்டாயம். அந்தச் சைகையைப் பிடித்து ஹெலிகாப்டர் வரும்வரை எதைப் பிடித்துத் தொங்குவது என்பதற்கு அந்தத் தகட்டில்தான் பதில். 6 மீட்டருக்கு மேற்பட்ட படகு வாங்குகிறவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். விற்பவர் சுற்றிவளைத்தால் பதில் தெரிந்துவிட்டது.

தளத்து நீர் தானாக வடியும் படகுகளிலும் ஒரு சூட்சுமம். வடிதுளைகள் கடல்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் வடியும். நாலைந்து பேரும் முழு எண்ணெயும் ஏறி, அடிவயிற்றிலும் நீர் நிரம்பி, பின்பக்கம் தாழ்ந்தால் அதே துளை வழியே கடல் உள்ளே எட்டிப் பார்க்கும். தளத்துக்கும் அடிக்கும் நடுவே முழுவதும் அடைத்து மூடிய வெளி அழகான யோசனை. ஆனால் எட்டிப் பார்க்கக் கதவும், வடிக்க அடைப்பானும் இல்லையென்றால், மயிரிழை விரிசல் வழியே சேரும் நீரை நீங்கள் ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள். ட்ரெய்லர் மட்டும் உணரும்.

அரிப்புக்கு வருவோம். அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் மெல்லிய காப்பைத் தானே பூசிக்கொள்ளும். வெறும் உடம்போடு விட்டால் பல ஆண்டு உழைக்கும். அதைக் கெடுப்பது உப்பு நீரைவிட நாம் சேர்க்கும் சகவாசம். துருப்பிடிக்காத எஃகுத் திருகு, செப்புக் கம்பித் துண்டு, ஈயக்குண்டு, இவற்றில் எது உப்பீரத்தில் அலுமினியத்தைத் தொட்டாலும் கரைவது அலுமினியம்தான். தூண்டில் பெட்டியிலிருந்து உருண்டு அடிப்பள்ளத்தில் ஒளிந்த ஒற்றை ஈயக்குண்டு, ஒரு பருவத்தில் தகட்டில் குழி தோண்டிவிடும். திருகுக்கடியில் காப்புப் பசை, பேட்டரியின் எதிர்முனைக்குத் தனிக் கம்பி, படகு நிற்கும்போது துண்டிக்கும் சுவிட்ச், செம்பு கலந்த அடிப்பூச்சுக்கு இடமே இல்லை: இந்த நாலும் இருக்கிறதா என்று பார்த்தாலே கட்டியவரின் கை தெரிந்துவிடும். தளத்தில் கம்பளம் விரித்த படகை நான் பார்த்தவுடனே கழித்துவிடுவேன். ஈரக் கம்பளம் தகட்டின்மேல் கட்டிய புண்துணி. வண்ணப்பூச்சும் அப்படியே, திருகோரத்தில் கீறல் விழுந்தால் கொப்புளம் கிளம்பும். நண்பருக்கு நீல வண்ணத்தில் ஆசை. பக்கவாட்டில் மட்டும் என்று சமரசம் ஆனது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் குறை சொல்வார்கள். ஆம், நங்கூரமிட்ட இடத்தில் சிற்றலை விளிம்பில் 'டப் டப்' என்று அடிக்கும். மீன் ஓடிவிடும் என்கிறார்கள். 60 மீட்டர் ஆழத்துக் கும்மி சுறா அதைப் பொருட்படுத்தியதாக எனக்கு அனுபவம் இல்லை. படகில் தூங்க நினைப்பவர்தான் பொருட்படுத்துவார்.

இத்தனைக்கும் பிறகு, இந்த மூன்று பேருக்கும் இந்தக் கடலுக்கும் என் தீர்ப்பு இது: 6 மீட்டரை ஒட்டிய தகட்டு அலுமினியப் படகு. அடியில் 5, பக்கத்தில் 4 மில்லி போதும். ஆறு மில்லிக்குத் தரும் பணத்தை நெருக்கமான சட்டத்துக்கும் நல்ல வெல்டிங்குக்கும் தரலாம். பின்பக்கத்தில் 18 முதல் 20 பாகைக் கோணம். அதற்குக் குறைந்தால் மதியக் கடலில் உதறும், கூடினால் இந்த அகலத்தில் நிற்காது. கதவோடு கூடிய நீர் நிரம்பும் அடி. எழுத்தில் உறுதி செய்த சம மிதப்பு. மூடிய அறை வேண்டாம்; முன்கண்ணாடியும் துணிக் கூரையும் போதும், காற்று பிடிக்காது. 150 குதிரைத்திறன். எடைப் பாலத்தில் ஏற்றி நிறுத்த பிறகே ட்ரெய்லரின் பிரேக்கைத் தீர்மானிப்பது.

இந்தத் தீர்ப்பு எங்கே புரளும் என்பதும் தெரியும். ஒவ்வொரு வாரமும் 30 கடல் மைல் வெளியே போய்த் திரும்புகிறவர், கனமான வண்டி வைத்திருப்பவர், படகுத்துறைக்குப் பக்கத்தில் வீடுள்ளவர் ஃபைபருக்குத்தான் போக வேண்டும். அவருடைய முதுகு நன்றி சொல்லும். நாலு பேருக்கு மேல் ஏற்றுகிறவருக்கும், குழந்தைகளோடு போகிறவருக்கும் குழல் படகின் வாதம் என் வாதத்தை வென்றுவிடும். வருடத்தில் பத்துக்கு எட்டு முறை குடாவைத் தாண்டாதவருக்கு இந்த மொத்தச் செலவும் வீண், டின்னியே ராஜா.

வெள்ளோட்டத்துக்கு விற்பவர் காலை 8 மணி என்றார். நண்பர் விடாப்பிடியாகப் பிற்பகல் என்றார். இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாம் முறை 18 நாட் காற்றில் வெளியே போனோம். முழு எண்ணெய், நாலு பேர். காற்றுக்கு எதிரே மெதுவாக ஓட்டி, பிறகு நிறுத்தி, அடியில் நீர் புகும் களகளச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, நாலு பேரும் ஒரே பக்கம் நின்றோம். படகு சாய்ந்தது, ஓர் அளவில் நின்றது. வடிதுளையில் கொஞ்சம் கடல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நண்பர் ஒன்றும் பேசாமல் குனிந்து அந்தத் துளைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள தூரத்தை விரலால் அளந்தார். மூன்று விரல்.

வாங்கிவிட்டார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டில் கேரேஜை அளந்தார். படகு 6 மீட்டர் என்றாலும் எஞ்சினும் ட்ரெய்லரின் இழுகம்பியும் சேர்ந்து ஏழரை மீட்டர் வருகிறது. கேரேஜ் ஆறு மீட்டரே. மடக்கும் இழுகம்பி போட்ட ட்ரெய்லராகக் கேட்டிருக்கலாம் என்கிறார் இப்போது. அது என் கணக்கிலும் விடுபட்டுப்போனதுதான்.